விசிட் விசா

கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வருகிற தாள்களை வாசிக்கக்கூடாது என்று முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார். ஆனாலும் கண்ணில் படும்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மலையகத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் குடியிருந்தாள். வெள்ளவத்தை பிளாட்டுகளில் துப்புரவு வேலை. டுபாயில் வீட்டு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். கடைக்குக் கூட்டி வந்தவள் அவள் குடியிருந்த ஒழுங்கையிலேயே இருக்கும் ஒரு பெண். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள். அவள் எங்கள் கடை போனுக்கு வாட்ஸ்அப்பில் விசாவை அனுப்ப, நான் பிரின்ட் எடுத்தேன். அது விசிட் விசா, சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கானது. அதில் போய் வேலை செய்ய முடியாது.

"எல்லாம் சரியாத்தானே இருக்குக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மற்றவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன். ஏன் வம்பு என்றுதான்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"எறங்கின ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. ஒரு ரூம்ல பதினோரு பேர். ஆளுங்க வந்து பாப்பாங்க, புடிச்சா கூட்டிட்டுப் போவாங்க. மூணு வீட்டுல வேலை செஞ்சேன், சம்பளமே இல்ல. கடைக்குக் கூட்டிட்டுப் போனப்ப ஓடிட்டேன்."

அங்குள்ள நம்முடைய நாட்டுத் துணைத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் மூலம் திரும்பியிருக்கிறாள். அனுப்பியவளோ இவளைத் தெரியவே தெரியாது என்கிறாளாம்.

"அந்த விசா ஒங்க போனுக்குத்தானே வந்துச்சு? இருக்குமாக்கா?"

தேடினேன். நம்பரோடு, தேதியோடு அப்படியே இருந்தது. அதைப் பொலிஸில் காட்ட முதலாளிக்கு விருப்பமில்லை. "நாளைக்கு அந்த அனுப்பினவள் வந்து கடையில சண்டை பிடிச்சா?" என்றார். நான் அரைநாள் லீவு கேட்டேன். போனைக் கொண்டுபோக விட்டார்.

பொலிஸில் அவளுடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் அவள் கையெழுத்து வைத்தாள். வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன்.

"அது விசிட் விசா எண்டு நான் அண்டைக்கே கண்டனான். சொல்லேல்ல. கோவமா?"

"கோவந்தான்" என்றாள். பிறகு, பசிக்கிறது, சாப்பிடலாமா என்றாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அனுப்பியவள் பிணையில் வந்து, எங்கள் கடைக்கு முன்னால்தான் போய் வருகிறாள். இவள் இப்போது களுபோவிலவில் ஒரு கன்டீனில் வேலை செய்கிறாள்.

நான் இப்போது வாசிக்கிறேன். "தங்கச்சி, இது விசிட் விசா. இதில வேலைக்குப் போகேலாது. பாஸ்போர்ட்டை ஒருத்தரிட்டையும் குடுத்திடாதீங்கோ" என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை என்று ஒருத்தி சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் வந்தவள் அப்படிப் போகவில்லை. தாளை மடித்தபடி நின்று, "அப்பிடிப் போய் வந்த ஆக்களோட கதைக்கலாமா?" என்று கேட்டாள். களுபோவிலவில் இருப்பவளுக்கு அழைப்பு எடுத்து, போனை இவள் கையில் கொடுத்தேன்.