சாமான் அறைக்கு வெளியே நிற்பது

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஐசியூவில் இதற்குத்தான் எனக்குச் சம்பளம். மானிட்டர் எல்லாம் சரி என்று காட்டினாலும் நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பாதம் சில்லிட்டிருந்தால் மானிட்டரை நம்ப மாட்டேன். பதினோரு வருட நர்ஸ் வேலையில் இந்தப் புத்தி சிலரைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஒருத்தியைக் கெடுத்தும் இருக்கிறது. அதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

கடலூரில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில், ஐசியூவுக்குப் பின்னால் சலைன் பெட்டிகள் அடுக்கிய சாமான் அறை ஒன்று உண்டு. எங்களில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் "ஸ்டாக் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அதற்குள் போவோம். பெட்டிமேல் உட்கார்ந்து அழுவோம். இன்னொருத்தி நோட்டும் பேனாவுமாக வெளியே நிற்பாள். யார் வந்தாலும் "உள்ள ஸ்டாக் எடுக்குறாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஐந்து நிமிடம் போதும், முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எங்களுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும், வெளியே நிற்க மட்டும் யாரும் மாட்டேன் என்றதில்லை.

போன வருடம் நிர்வாகத்துக்குத் திடீரென்று எங்கள் மனசுமேல் அக்கறை வந்தது. மன அழுத்தத்தைக் குறைக்கவென்று புதன்தோறும் ஒரு கவுன்சிலரை வரவழைத்தார்கள். சின்ன வயசுப் பெண். அவருக்குக் கொடுத்த அறை எது? மேனேஜர் அறைக்கு நேர் எதிரே. தன் நாற்காலியிலிருந்தே யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று மேனேஜர் பார்த்துவிடலாம். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. "தாங்கலன்னு நாமளே போயி எழுதிக் குடுக்கணுமாம், அப்புறம் அவுங்க நம்மள அனுப்பிடுவாங்களாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முதல் மாதம் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு அவள் போனாள்.

அவள் பரங்கிப்பேட்டைக்காரி. நான் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன், அவள் முட்லூரில் ஏறுவாள். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். குவைத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதற்கு ஐசியூவில் இடைவெளி இல்லாமல் இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வேண்டும். நடுவில் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். "இன்னும் பத்து வாரந்தான்க்கா. இன்ஷா அல்லா, நோன்புக்கு முன்னாடி கெளம்பிருவேன்" என்று பஸ்ஸில் விரல் மடக்கிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு அந்த அறைக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து வந்தாள். அடுத்த புதனும் போனாள்.

"உள்ள என்னதான் பேசுற?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் புது ட்யூட்டி பட்டியல் வந்தது. கவுன்சிலரைக் கேலி பேசிய இரண்டு பேருக்குத் தொடர்ந்து இரவு வேலை. அவளுக்குப் பகல். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் என் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் மற்றவர்களிடம் சொன்னேன்: "அவளுக்கு மட்டும் யாரும் வெளிய நிக்காதீங்க. நின்னா ஸ்டாக் ரூம் விஷயமும் மேல போயிரும்." என் சந்தேகத்துக்கு எங்கள் வார்டில் மரியாதை ஜாஸ்தி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆறு நாளாக அவள் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் இறந்துபோனாள். பைக் விபத்து. அந்தப் பெண்ணின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து கண்ணத் தொறந்துச்சேம்மா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அவள் எங்களைப் பார்த்து, "ஸ்டாக் எடுக்கப் போறேன்" என்றாள். யாரும் நோட்டை எடுக்கவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவள் தனியாக உள்ளே போனாள்.

அன்று மேனேஜர் யாரோ விருந்தாளிகளுக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சாமான் அறைக் கதவையும் திறந்தார். திட்டவில்லை. "ஒங்களுக்கு ஐசியூ ஒத்துக்கல போலருக்கே சிஸ்டர்" என்று அன்பாகத்தான் சொன்னாராம். மறுநாள் அவளைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அவளுக்கு இன்னும் நான்கு வாரம் பாக்கி இருந்தது. நல்லதுதான் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதே வாரம் புதன்கிழமை நானே கவுன்சிலர் அறைக்குப் போனேன். மன ஆறுதலுக்காக இல்லை, என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

கவுன்சிலர் முதலில் தயங்கினார். பிறகு, "அவுங்க ஒரு வார்த்த பேசுனதில்லீங்க சிஸ்டர். வந்த ஒடனே இந்த சேர்ல சாஞ்சு தூங்கிருவாங்க. இருவது நிமிஷத்துல எழுப்பிவிடச் சொல்லுவாங்க. வேற யாரும் வர்றதில்லயே, தூங்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

வெளியே வந்து பட்டியல் போடும் கிளார்க்கைக் கேட்டேன். ஒருத்தி பிரசவ விடுமுறையில் போனதால் இரவு வேலையை மாற்றிப் போட்டாராம். அவரையும் முதலில் நம்பவில்லை. விடுமுறைக் கடிதத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினேன். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். முட்லூரில் ஏறியவள் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "மத்தவங்க மேலதான் எனக்கு வருத்தம்க்கா. நீங்க என்ன பண்ணுவீங்க, பேஷண்ட்ட விட்டுட்டு வந்து நிக்க முடியுமா?"

திங்கட்கிழமை அவள் என்னைப் பார்த்த நேரம் என் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் நீவிக்கொண்டிருந்தது காலிப் படுக்கையை. "ஆமாம்மா" என்றேன்.