கிள்ளையிலிருந்து கடலூருக்கு, இறால் படம் பார்க்க

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிள்ளையில் டவுன் பஸ் ஏறினோம். நானும் என் நாத்தனார் செல்வியும். பெண்களுக்குச் சிதம்பரம் வரை டிக்கெட் காசு இல்லை. அங்கிருந்து கடலூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு நாற்பது ரூபாய்.

நாங்கள் உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள். போன வருஷம் கவிதா என்ற பெண் கேமராவோடு வந்து பத்து நாள் எங்களைப் படம் எடுத்தாள். அதைக் கடலூர்ப் பட விழாவில் போடுகிறார்கள். ஜனங்களின் கஷ்டத்தைச் சொல்லும் படங்களுக்கான விழாவாம். படம் முடிந்ததும் நான் பேச வேண்டும் என்று கவிதா போனில் சொல்லியிருந்தாள்.

மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் சொல்ல ஒன்று இருந்தது. கழியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பாட்டிலை உடைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். சேற்றைத் துழாவும் கையை அது கிழிக்கிறது. எனக்கு வலது கை நடுவிரல் இன்னும் சரியாக மடங்காது.

கண்டக்டர் கேட்டார், "கல்யாணத்துக்காம்மா?"

"எங்க அண்ணி நடிச்ச படம் பாக்கப் போறோம்" என்றாள் செல்வி.

"அப்படியா? ஹீரோ யாரு?"

"இறாலுதான்."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்கினோம். ஹால் வாசலில் என் முகம் பெரிய பேனராக நின்றது. கழுத்துவரை தண்ணீர், பல்லில் பறி. பறி என்றால் பனையோலைக் கூடை. இரண்டு கையும் இறாலைத் தேட வேண்டும், அதனால் அதை வாயில் கவ்விக்கொள்வோம். செல்வி பேனரோடு ஏழு போட்டோ எடுத்துக்கொண்டாள். டீயும் போண்டாவும் விழாக்காரர்களே கொடுத்தார்கள். போண்டா நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்கு எங்கள் படம். இருபது நிமிஷம். கொக்கு, அலையாத்தி மரம், பின்னால் வயலின்.

"நம்ம கழி இவ்ளோ அழகா அண்ணி?" என்றாள் செல்வி.

"பாட்டில் தெரியல" என்றேன்.

விளக்கைப் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். "படம் முழுக்க நீங்க ஒரு வார்த்தைகூட பேசல. அந்த மௌனம் எங்களுக்கு என்ன சொல்லுதும்மா?"

மைக் என் கைக்கு வந்தது.

"வாயில பறி இருந்துச்சு சார்."

ஹால் சிரித்து அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார். எனக்குப் பயம் போய்விட்டது. கையை விரித்து மடங்காத விரலைக் காட்டினேன். "இது பாட்டில் கிழிச்சது. தண்ணியில பாட்டில் போடாதீங்க. பாக்க வர்றவங்ககிட்டயும் சொல்லுங்க. அவ்ளோதான்." யாரும் சிரிக்கவில்லை. பிறகு கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் கவிதா கேட்டாள், "இத ஏன்க்கா ஷூட்டிங்கப்பவே சொல்லல?"

"நீ கேக்குறப்பல்லாம் தண்ணியில நின்னேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் திரும்ப வருகிறாளாம்.

மூன்று மணிக்கு பஸ் ஏறி, இருட்டுவதற்குள் கிள்ளை வந்து சேர்ந்தோம். கடலூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். இங்கே யார் கேட்பார்கள் என்று வழியெல்லாம் யோசனை.

திங்கள் காலை கழியில் இறங்கினேன். கரையில் மூன்று பேர், கையில் பீர் பாட்டில். ஒருவர் வீசக் கையை ஓங்கினார். வாயிலிருந்து பறியை எடுத்தேன்.

"அண்ணே, பைக்குள்ள வைங்க. இங்க கையால தேடுறோம்."

அவர் என்னைப் பார்த்தார். கையை விரித்து அந்த விரலைக் காட்டினேன். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குள் பறி சாய்ந்து நாலு இறால் தப்பிவிட்டது. போகட்டும்.