அவனுக்கு ‘எப்போதும்’, எனக்கு ‘சில சமயம்’

என் பலம் என்ன என்று தெரியாமலே நாற்பது வயது வரை நன்றாகத்தான் இருந்தேன். அதைக் கண்டுபிடித்துச் சொல்லியே தீருவேன் என்று தலைமை அலுவலகம் ஒரு நாள் எல்லோர் போனுக்கும் லிங்க் அனுப்பியது.

டிராக்டர் விற்கும் கம்பெனியின் திண்டிவனம் கிளையில் எனக்கு வேலை. வீடு விழுப்புரத்தில். கணவர் வேலை பார்ப்பது ஓசூரில். மாலையில் நான் பஸ் பிடித்து வந்து சேரும் வரை, பத்தாவது படிக்கும் மகள் வீட்டைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். அதனால் விழுப்புரம் கிளையில் சர்வீஸ் பொறுப்பாளர் இடம் காலியானதும், கோயிலில் நின்றால்கூட அதைத்தான் கேட்டேன். இந்த டெஸ்டில் யாருக்குத் தலைமைக் குணம் வருகிறதோ அவருக்கே அந்த இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

என் மேஜைக்கு எதிரே ஒரு தம்பி உண்டு. திண்டிவனத்துக்காரன், தங்கமான பையன், நான் சொல்லாமல் ஒரு பேப்பரை நகர்த்த மாட்டான். போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, கேள்வி கேள்வியா போய்க்கினே இருக்குது, ஒரே பேஜாரு. நீங்களே எதுனா போட்டு உட்டுடுங்க.”

“உன்னப் பத்தி நான் எப்டிடா போடறது?”

“எனக்கு மட்டும் என்னா தெரியும்? நீங்கதான தெனம் பாக்கறீங்க.”

வாங்கித் தொலைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்: எப்போதும், சில சமயம், இல்லவே இல்லை. யாரோ பெற்ற பிள்ளை. நான் குறைத்துப் போட்டு அவன் பிழைப்பில் மண் விழுந்தால்? நெருக்கடியில் உடனே முடிவெடுப்பீர்களா? எப்போதும். கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பீர்களா? எப்போதும். அதை அழுத்தும்போது வல்லம் பக்கத்து நிலக்கடலை விவசாயி ஒருவர் நினைவுக்கு வந்தார். “மல்லாட்ட போடற நேரத்துல வண்டிய நிறுத்தி வச்சிக்கினு நான் என்னாம்மா பண்றது?” என்று அவர் கடையே அதிரக் கத்தியபோது, விழுப்புரம் கிளையிலிருந்து கிளட்ச் பிளேட்டைப் பஸ்ஸில் போடச் சொல்லி, பொழுது சாய்வதற்குள் வண்டியை ஓட வைத்தது நான். தம்பி டீ குடிக்கப் போயிருந்தான். இருந்திருந்தால் அவனும் செய்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு என்னுடைய முறை. அதே கேள்விகள். விரல் தானாக ‘சில சமயம்’ மேல் போனது. எங்கள் வீட்டில் யார் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் “ஏதோ இருக்கோம்” என்பதுதான் பதில். மாடி வீடு கட்டிக் குடிபுகுந்த அன்றும், சாப்பிட வந்தவர்களிடம் அப்பா அதையேதான் சொன்னார். அவர் பெண் நான் எப்படி ‘எப்போதும் திறமைசாலி’ என்று என் கையாலேயே அழுத்துவேன்? படிக்கிறவர்கள் திமிர் பிடித்தவள் என்று நினைக்க மாட்டார்களா? படிக்கப்போவது கம்ப்யூட்டர் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. தம்பிக்குத் துணிச்சல், உடனடி முடிவு, தலைமைக் குணம். எனக்குப் பணிவு. பணிவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னப் பத்தி எனக்கே இத்தினி நாளா தெரியலக்கா!” என்றான், முகமெல்லாம் பல்லாக. மாற்றல் உத்தரவு வந்ததும்தான் முகம் தொங்கியது. “வீடு இங்க இருக்குது, நான் எதுக்குக்கா விழுப்புரத்துக்குப் போய்க்கினு?”

மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“ஏம்மா, அவன் டெஸ்ட்ட நீங்க போட்டீங்கன்னு மேல தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும். கம்முனு இருங்க.”

கம்மென்று இருக்கிறேன். விழுப்புரத்தில் வீடு உள்ளவள் காலையில் திண்டிவனத்துக்குப் போகிறேன், திண்டிவனத்தில் வீடு உள்ளவன் விழுப்புரத்துக்கு வருகிறான். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் எங்கள் பஸ்கள் எதிரும் புதிருமாகப் போகின்றன. இந்தக் கிறுக்குத்தனத்தை யாரிடம் போய்ச் சொல்வது? இது போதாதென்று நான் பையை மாட்டும் நேரம் பார்த்து அவன் போன் வரும். “அக்கா, வாரண்டி பில்லு எப்டிக்கா போடறது?” சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் என் பஸ் போயிருக்கும்.

போன வாரம் அப்படித் தாமதமாக வந்து, சோறு போட்டுக்கொண்டே மகளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். “அப்டி என்னாம்மா கேட்டாங்க? கேளு, ஒனக்கு நான் போடறேன்” என்றாள்.

நெருக்கடியில் உடனே முடிவெடுப்பீர்களா?

“எப்பவும்.”

கோபப்படுகிறவர்களைச் சமாளிப்பீர்களா?

“எப்பவும். அப்பாவையே சமாளிக்கறியே.”

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்தவர் வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வீர்களா?

“எப்பவும்” என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “அதனாலதாம்மா நீ லேட்டா வர்ற.”