கண்ணாடிக்குள் ஊரெல்லாம் இடதுகைக்காரர்கள்

என் வீட்டுக்காரர் முடிவெட்டுகிறவர். இடது கைப் பழக்கம். வலது கைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் மாட்டிக்கொண்டு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போய்விட்டது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று சொன்னார்: "இடது கைக்காரங்களுக்குன்னே ஒரு கடை போட்டா என்ன? கத்தரிக்கோல், கத்தி, காய்கறித் தோல் சீவுற கருவி, எல்லாமே."

"எங்க போடுவீங்க?"

"சலூனுக்குப் பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது சும்மா கிடந்த அறையா? தையல் கடை வைத்துக்கொள் என்று இதே வாயால் எனக்குச் சொன்ன அறை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் துணி வெட்டும் மேசை என்று நான் மனசுக்குள் குடியேறியேவிட்டேன்.

"வாங்குறதுக்கு எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்தீங்களா? அதைப் பார்க்காம எவனாவது கடை போடுவானா?" என்றேன். இதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அடங்குகிற ஆளா அவர்!

கணக்கெடுக்கக் கிளம்பியவன் என் சொந்தத் தம்பி. வேலை தேடுகிறேன் என்று சொல்லி எங்கள் வீட்டில் தின்று கொழுத்துக்கொண்டிருந்தவன். நாற்காலிகளுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்து, முடிவெட்ட வந்தவர்கள் எந்தக் கையால் போனைத் தடவுகிறார்கள், எந்தக் கையால் மூக்கைச் சொறிகிறார்கள் என்று பார்த்தான். கடைசியில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"மச்சான், ஊர்ல முக்கால்வாசிப் பேர் நம்ம ஆளுங்க!"

"அடேயப்பா!" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்காக விரல் முட்டியில் அடி வாங்கியவர். "நான் ஒருத்தன்தான் கோணலாப் பொறந்துட்டேன்னு நெனச்சேன்ம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சண்டை போடுவது? மறுநாள் தச்சர் வந்து, என் ஜன்னலை மறைத்து அலமாரி அடிக்க அளவெடுத்தார்.

வயிற்றெரிச்சலோடு மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்காலி முதுகு உயரம். முடிவெட்ட உட்கார்ந்திருந்த ஆளை நேராகப் பார்க்க முடியவில்லை, எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் தெரிந்தார். தம்பி சொன்னது நிஜம்தான், போன் இடது கையில். முடிவெட்டி முடிந்து அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார். போன் வலது கையில்! கை மாற்றவேயில்லை. அடுத்த ஆளும் அதே கதை. பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்த தம்பியைப் பிடித்தேன்.

"டேய்! ஆளைப் பார்த்து எண்ணுனியா, கண்ணாடியைப் பார்த்து எண்ணுனியா?"

"கண்ணாடியைப் பார்த்துதான்க்கா. நாற்காலிதான் மறைக்குதே?"

"உன் மூளையில என்ன மறைச்சுது?"

கத்தரிக்கோல் பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் தன்னையே பார்த்தார். உள்ளே ஒரு வலதுகைக்காரர் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது கணக்கை வாசலில் நின்று நானே எடுத்தேன். இடது கைக்காரர்கள் என்று தேறியது இரண்டே பேர். ஒருவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. இன்னொருவர் குழாய் ரிப்பேர்காரர், அசல் இடதுகைக்காரர். அன்று என் வீட்டுக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை. தோளைத் தட்டி அனுப்பினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. கடைப் பேச்சு நின்று அறை கைக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கென்றே ஓர் இடதுகைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தேன். ஆசையாகத்தான் மாட்டினார். ஆனால் தப்பான கத்தரிக்கோலிலேயே பழகிய கை, சரியானதோடு ஒத்துப்போகவில்லை. முடி வெட்டுப்படாமல் நடுவில் மாட்டிக்கொண்டது.

"வேணாம்மா, பழசே போதும்."

"அதெல்லாம் முடியாது, பழகுங்க. டேய் தம்பி, வந்து உட்காரு."

"நானா?"

"வேற யாரு? கணக்கெடுத்த மகராசன் நீதானே?"

இரண்டு நாள் கழித்து ஜன்னலோரம் மெஷினைப் போட்டு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தம்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, முதல்ல எனக்கொரு தொப்பி தைச்சுக் குடு."