லஸ்கர் நல்லக்கண்ணுவின் கோரைத் தொப்பி

என் அக்காள் காத்தாயியின் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு ஆள் குள்ளம், பேச்சும் குறைவு. கூட்டத்தில் நின்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொப்பி போட்ட பிறகோ அரை மைல் தூரத்திலேயே தெரிந்தார். வாய்க்கால் கரையில் தொப்பி நகர்ந்து வந்தால் எங்கள் ஊரில் வரப்பு வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "தொப்பி வந்துருச்சு, தண்ணி வந்துரும்" என்பார்கள். அந்தத் தொப்பி அவர் தலைக்கு ஏறுவதற்கு ஆறு மாதம் ஆயிற்று. அதை அவர் கொழுந்தியாள் அம்சம், நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை. அவர் சொல்ல மாட்டார், என் அக்காள் சொன்னால் அழுவாள்.

எங்கள் ஊர் பூதலூருக்கு வடக்கே. மாமாவுக்குப் பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் நண்டு வளை கண்டால் மண் வைத்து மிதிப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று ஆபீஸ் சொல்கிறதோ அதன்படி விடுவது. எங்கள் தெருவிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதற்கு முன்னால் தியாகராசன் பண்ணையில் பண்ணையாள். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில்தான் மண்வெட்டி பிடித்துச் செத்தார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. கூலி உயர்வு கேட்டு நாங்கள் கொடி பிடித்தோம். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அடிதடி, கேஸ், ஜாமீன் எல்லாம் பார்த்தோம். பிறகு, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. அன்றைக்கு எங்கள் தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. பண்ணைக்காரரைக் கூப்பிடும் 'ஆண்டே' என்ற சொல் எங்கள் வாயை விட்டுப் போயிற்று. மாமாவின் வாயை விட்டும் போயிற்று. அவருடைய கையை விட்டுத்தான் போகவில்லை.

பண்ணைக்காரர் எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது பழைய வழக்கம். தியாகராசன் நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்டால், அவர் யாரையும் துண்டை எடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். மாமா சர்க்கார் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியும், பண்ணை வீட்டு வேலி கண்ணில் பட்டதும் அவர் கை தானாக மேலே போகும். துண்டு அக்குளுக்கு வரும். வேலியைத் தாண்டியதும் மறுபடி கட்டிக்கொள்வார். நான் கேலி செய்வேன். "வேர்வை தொடைக்கிறேன்" என்பார்.

வாய்க்கால் கரையில் பாய் பின்னும் மெஹராஜ் பேகம் குடும்பம் இருந்தது. கல்யாணப் பாய்க்குப் பேர் போன கை. கோரைத் தண்டை நகத்தால் கீறி, நூல் மாதிரி மெலிதாக்கி, வாரக் கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னுவார். அவருடைய புருஷன் காதர் மைதீன் பாய்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவார். கோடையில் வாய்க்கால் வற்றினாலும் பாலத்தடியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கோரையை ஊறப்போட பேகத்துக்கு அந்த இடத்தைக் காட்டியவர் மாமா.

எழுபத்து நாலு சித்திரையில் ஒரு நாள், குடிதண்ணீருக்காக உடனே வாய்க்காலைத் திற என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. மாமா மேல்மதகைத் திறந்தார். திறந்த பிறகுதான் பள்ளத்தில் கிடக்கும் கோரை நினைவுக்கு வந்திருக்கிறது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பாலத்தடியில் கிடப்பதை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். இரண்டு மைல் தூரம். உச்சி வெயில். மனுஷன் கரை மேல் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்.

ஓடிப்போய்ப் பேகத்தோடு சேர்ந்து பதினோரு கட்டுக் கோரையையும் மேலே இழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது. மாமா உடனே வாந்தி எடுத்தார், அப்படியே கரையில் சாய்ந்தார். தலையில் ஒன்றும் இல்லை. பேகம் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, துண்டு எங்கே என்று கேட்டார். பண்ணைக் களத்துப் பக்கம் வரும்போது எடுத்து அக்குளில் வைத்ததாகவும், ஓட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டதாகவும் மாமா சொன்னார்.

களத்தில் அன்றைக்கு ஒருவரும் இல்லை. வைக்கோல் போர்தான் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பேகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தொப்பி. தறியில் நெய்ததல்ல, உச்சியில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி விரலாலேயே பின்னியது. உச்சியில் எட்டு இதழ்ப் பூ. விளிம்பில் சாயம் ஏற்றிய சிவப்புக் கோரை இரண்டு வரி. கையில் வைத்தால் கனமே தெரியாது. சுருட்டி மடக்கி விட்டால் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும். கல்யாணப் பாய்க்கென்று எடுத்து வைத்திருந்த கோரையில் பின்னியது என்று பேகம் சொன்னார். அந்தப் பதினோரு கட்டில் ஒரு கட்டு. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். என் அக்காள் உடனே அவரிடமிருந்து வாங்கி, தன் கல்யாணச் சேலையில் சுற்றி, விதைநெல் பானைக்குள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை. செக்‌ஷன் ஆபீஸ் இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, மதராஸ் பொருட்காட்சிக்கு அனுப்பலாம், பரிசு கிடைக்கும் என்றார். கண்ணாடிப் பெட்டி செய்து சுவரில் மாட்டுங்கள் என்றார் காதர் மைதீன். கட்சிக்காரர்கள் படிப்பகத்தில் வைக்கக் கேட்டார்கள். என் அக்காள் பானையை விட்டு நகரவில்லை. நான் மட்டும்தான், தொப்பி தலைக்கா பானைக்கா என்று சண்டை போட்டேன்.

மாமாவிடம் கேட்டால் தினம் ஒரு சாக்கு. வெயில் அடித்தால், நிறம் வெளுத்துவிடுமாம். மேகம் மூடினால், மழையில் ஊறிவிடுமாம். வெயிலும் இல்லை மழையும் இல்லை என்றால், காற்று அடித்து வாய்க்காலில் விழுந்துவிடுமாம். தலையில் வைக்கத் தோதான நாளே பஞ்சாங்கத்தில் இல்லை போலிருந்தது. ஆடி மாதம் ஒரு நாள் நான் பொறுக்க மாட்டாமல், இருபத்திரண்டு நாள் விரல் தேயப் பின்னியவரை இப்படி அவமானப்படுத்தலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் மண்வெட்டிக் காம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கையெ நம்ப முடியல அம்சம்," என்றார் கடைசியில். "துண்டுன்னா வேர்வை தொடைக்கிறேன்னு சொல்லிக்கலாம். இதெ எடுத்து அக்குள்ள வச்சா என்னன்னு சொல்றது? அந்தம்மா பின்னுனது அந்தாளு முன்னால எறங்கக் கூடாது."

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கெட்டுவிடும் என்று பயந்தது தொப்பிக்காக இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. போய்ப் பேகத்திடம் அப்படியே சொன்னேன். பேகம் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. தொப்பியை ஒரு நாளைக்குத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு பக்கமும் முறுக்கிய நூல் நாடா தைத்திருந்தது, தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற மாதிரி. நாடா காற்றுக்குத்தான் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னார். நானும் காற்றுக்கு என்றே சொன்னேன். மாமா நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பண்ணை வாய்க்காலுக்கு நாலு நாள், கடைமடைக்கு நாலு நாள். வாய்க்கால் முடியும் கடைமடையில்தான் எங்கள் தெருக்காரர்கள் குத்தகைக்குப் பிடித்த நிலம் எல்லாம். ஐந்தாம் நாள் காலையில் பண்ணை மதகை அடைக்க வேண்டும். அன்று காலை அக்காள் தானே பானையைத் திறந்து தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, நாற்று காய்கிறது என்று மட்டும் சொன்னாள். மாமா தலையில் வைத்தார், தாடைக்குக் கீழே இரட்டை முடிச்சுப் போட்டார், போய்விட்டார்.

நாங்கள் பன்னிரண்டு பெண்கள் அன்றைக்குப் பண்ணை வயலில்தான் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தோம். மதகு எங்களுக்கு நேர் எதிரே. மாமா திருகுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். மதகுப் பலகை இறங்க இறங்கத் தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. பாதி இறங்கியிருக்கும், தியாகராசன் குடை பிடித்துக்கொண்டு கரை மேல் வந்தார். பின்னால் அவர் காரியக்காரர் மருதையன்.

இன்னும் இரண்டு மா நிலம் பாயாமல் கிடக்கிறது, இன்று ஒரு நாள் விட்டுவிட்டு நாளைக்கு அடைக்கலாமே என்றார் பண்ணைக்காரர். அதட்டவில்லை. கேட்பது போலத்தான் கேட்டார்.

மாமாவின் வலது கை கம்பியை விட்டது. மேலே போனது. நாங்கள் பன்னிரண்டு பேரும் நாற்றுக் கட்டோடு நிமிர்ந்தோம். கை விளிம்பைப் பிடித்துத் தூக்கியது. தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது, ஆனால் வரவில்லை. நாடா தாடையைப் பிடித்து நிறுத்தியது.

அவர் அப்படியே நின்றார். கை என்ன செய்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். கை மெல்ல இறங்கி முடிச்சுக்கு வந்தது. அவிழ்க்கப் போகிறார் என்றே நினைத்தேன். நின்ற இடத்திலிருந்தே கத்தலாமா என்று கூடத் தோன்றியது. அவர் முடிச்சை இழுத்து இறுக்கினார். தொப்பியை நேராக்கினார். கை திரும்பக் கம்பிக்குப் போயிற்று.

"மொற முடிஞ்சுதுங்க," என்றார். "கடமட காயுது. அஞ்சாம் நாளு நானே வந்து தொறந்து விடுறேங்க."

திருகைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பலகை அடியில் போய் உட்காரும் வரை தியாகராசன் நின்று பார்த்தார். பிறகு தொப்பி யார் கொடுத்தது என்று கேட்டார்.

"பாய் பின்னுற பேகம்மா. எனக்குன்னே பின்னுனதுங்க."

பண்ணைக்காரர் குடையைச் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். என் பக்கத்தில் நின்ற ராமாயி பாட்டெடுத்தாள். மருதையன் திரும்பி முறைத்தும் அவள் நிறுத்தவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. சேற்றுக் கையோடு துடைத்ததில் முகமெல்லாம் சேறு. அந்தக் குள்ள மனுஷன் என் அக்காள் புருஷன் என்று ஊருக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன், கடைமடை வரைக்கும் போய்ச் சொன்னேன்.

லஸ்கருக்குத் தலைக்கனம் என்று ஆபீசுக்கு மொட்டைக் கடிதாசு போயிற்று. இன்ஜினீயர் கூப்பிட்டு விசாரித்தார். வெயிலுக்குப் போடுகிறேன் என்றார் மாமா. வெயிலுக்குத்தானே தொப்பி என்று அவரும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம், வெயில், மழை, ஐப்பசி அடைமழை எதிலும் அந்தத் தொப்பி இறங்கவில்லை. சிவப்பு வரி வெளுத்தது. உச்சிப் பூ வேர்வையில் கறுத்தது. விளிம்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. பொருட்காட்சிக்கு அனுப்பியிருந்தால் புதுசாகவே இருந்திருக்கும் என்று இன்ஜினீயர் வருத்தப்பட்டார். என் அக்காள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

பிரிந்த விளிம்பைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்க மாமா ஒரு நாள் பேகத்தின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பேகம் வாசலில் கோரை கீறிக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்றார், தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனார், முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். தொப்பியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

பேகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த கோரையைக் கீழே போட்டார்.

"நான் என்ன பண்ணக்காரியாண்ணே? மொதல்ல எடுத்து மாட்டுங்க."

"இருக்கட்டும்மா," என்றார் மாமா. "இது நானா கழட்டுனது."