வல்வெட்டித்துறைக் குசினிக்கு வந்த கடற்கொள்ளையர் அழைப்பு

சுன்னாகத்திலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போய்வருவதை எங்கள் ஊரில் யாரும் பயணம் என்று சொல்லமாட்டார்கள். இரண்டு பஸ், இரண்டு மணித்தியாலம், அவ்வளவுதான். ஆனால் போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நான் போன காரணம் பெரிது. தம்பி நிருஷனுக்குச் சரக்குக் கப்பலொன்றில் வேலை சரிவந்திருந்தது. சோமாலியக் கரைக்கு வெளியாலே செங்கடலுக்குப் போய்வரும் கப்பல். அந்தப் பக்கம் கடற்கொள்ளையர் திரும்பவும் தலைதூக்குகிறார்கள் என்று அம்மா செய்தியில் பார்த்துவிட்டா. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நாங்கள் தோட்டக்காரக் குடும்பம். கிணற்றைவிட ஆழமான தண்ணீரோடு எங்களுக்குப் பழக்கமில்லை. கொள்ளையரிடம் அகப்பட்டு மீண்ட ஒருவர் வல்வெட்டித்துறையில் இருக்கிறார் என்று என்னோடு வேலை செய்பவர் சொன்னதும், அம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. நான் போய்க் கேட்டுவர வேண்டும், நான் வந்து சொல்வதுதான் முடிவு என்றா. அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்துமூன்று வயதுப் பொடியனின் தலைவிதியை என் கைப்பைக்குள் போட்டு அனுப்பினமாதிரித்தான்.

காலை 6.40க்குச் சுன்னாகத்தில் பஸ் ஏறி 7.15க்கு யாழ்ப்பாணம். 7.30க்கு வல்வெட்டித்துறை பஸ், கட்டணம் 170 ரூபா. முப்பது கிலோமீற்றர்தான், ஆனால் பஸ்காரர் ஒவ்வொரு சந்தியிலும் ஆள் வருமட்டும் நின்றார். அச்சுவேலி கழிந்து தொண்டைமானாறுப் பாலத்தில் ஏறினால் காற்றில் உப்பு வந்துவிடும். இடப்பக்கம் ஜன்னலோரம் இருங்கள், பாலம் தாண்டியதும் கடல் கூடவே வரும். 8.50க்குச் சந்தியில் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் கப்பலில் பிடிபட்ட சிவநேசண்ணை வீடு என்று வாயெடுத்தேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. பிடிபட்டவர் என்று இங்கே சொல்லாதேங்கோ, திரும்பி வந்தவர் எண்டு சொல்லுங்கோ என்று திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். 200 ரூபா.

சிவநேசண்ணைக்கு அறுபது வயதிருக்கும். கப்பலில் போசனாக, அதாவது தளத்து வேலையாட்களுக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய பூட்டன் அந்தக் காலத்துத் தண்டையல், கப்பல் தலைவர். பாய்க்கப்பலை ரங்கூனுக்கு ஓட்டி அரிசி ஏற்றிவந்த மனிதர். அந்தப் பூட்டனின் கப்பலிலும் ஒருதரம் கொள்ளையர் ஏறியிருக்கிறார்கள். காற்று விழுந்து பாய் தொங்கிய மத்தியானம், தீவுக்குப் பின்னாலிருந்து துடுப்புப் படகுகளில் வந்து அரிசி, கயிறு, மாற்றுப்பாய் எல்லாம் அள்ளிக்கொண்டு, குடிக்கத் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்களாம். அது அதிர்ஷ்டம் என்றார் அண்ணை. திரும்பி வராத கப்பல்களும் இருந்தன. அவற்றைப் புயல் கொண்டதா கள்ளன் கொண்டதா என்று இன்றைக்கும் தெரியாது.

இன்றைய கொள்ளையருக்கும் கடல் அடங்கியிருக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அவர்களுடைய சின்ன வள்ளங்கள் வெளிக்கிடாது. அப்போது கத்தி, இப்போது துவக்கும் ஏணியும் இயந்திரமும். அதெல்லாம் பெரிய வித்தியாசமில்லை என்றார். பிறகு தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப வந்தவங்கள் அரிசியைக் கொண்டுபோட்டு ஆளை விட்டவங்கள். இப்ப வாறவங்கள் அரிசியைத் தொடமாட்டாங்கள். நாங்கள்தான் சரக்கு."

கொள்ளையர் பிடித்த அண்ணையின் கப்பல் ஏழு மாதம் அவர்களுடைய கரைக்கு வெளியே நங்கூரத்தில் நின்றது. மீட்புப் பணம் தரவேண்டியது கப்பல் முதலாளி. முதலாளியை நெருக்குவதற்குக் கொள்ளையர் பிடித்த வழி, கப்பலாட்களின் வீடுகளுக்குப் போன் எடுப்பது. வீட்டார் பதறி முதலாளியிடம் ஓடட்டும் என்று, கழுத்தில் துவக்கை வைத்து, வீட்டோடு கதை, அழு என்பார்களாம்.

இதுவரை பேசாமல் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி வசந்தியக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. முந்தின காலத்துக் கள்ளன் கடலோடு நின்றான், இவன் என் குசினிக்குள்ளேயே வந்துவிட்டான் என்றா. முதல் அழைப்பு வந்தபோது அவ அடுப்படியில் நின்றிருக்கிறா. புருஷனின் குரல், பின்னால் யாரோ கத்தும் சத்தம். அக்கா என்ன செய்தா தெரியுமா? மூத்தவள் சோதினை பாஸ், கூரைக்கு ஓடு மாத்தியாச்சு, முருங்கை காய்க்குது என்று வீட்டுப் புதினம் சொல்லியிருக்கிறா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த ஊரில் கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு மாமி முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தானாம். கடலில் நிற்பவருக்கு வீட்டிலிருந்து புதினம் போகலாம், அழுகை போகக்கூடாது. கடித காலத்திலிருந்தே அப்படித்தான்.

அக்காவின் வீட்டு அழைப்பால் பிரயோசனமில்லை என்று கண்ட கொள்ளையர் மூன்றாவது தரத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அதே கப்பலில் கடல் தெரியாத, உள்நிலத்து ஊர்க் குடும்பத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். அவனுடைய தாய் முதல் அழைப்பிலேயே ஓவென்று கத்தி அழுதிருக்கிறா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவனைத்தான் இழுத்துப்போய், போனுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார்கள்.

"அவங்களுக்குத் தமிழ் விளங்காது, பிள்ளை. அழுகை விளங்கும்," என்றா வசந்தியக்கா. "அந்தத் தாயிலை பிழையில்லை. அவவுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை."

எங்கள் அம்மா சீரியல் பார்த்தே அழுகிறவ. வந்த விசயத்தைக் கேட்டேன், தம்பியை விடலாமா என்று. அக்காதான் சொன்னா: "தம்பியைக் கேட்டு வந்தனீங்கள். அவன் சமாளிப்பான். உங்கடை அம்மாவாலை ஏலுமோ எண்டு போய்க் கேளுங்கோ."

மத்தியானம் பாரை மீன் குழம்போடு சோறு தந்தார்கள். வெளிக்கிடும்போது வாசல்வரை வந்த அந்த மனுசியைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. துவக்கோடு நின்றவர்களை முருங்கைக்காய்க் கதை சொல்லியே களைக்க வைத்தவ எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விசயம். வெயில் ஏறமுதல் போங்கள், கரையில் நிழல் இல்லை. வள்ளங்களைப் படமெடுக்கமுதல் உரியவரிடம் கேளுங்கள். திரும்பும்போது பருத்தித்துறைப் பக்கமாக வந்தால் தட்டை வடை வாங்கலாம். யாழ்ப்பாணத்துக்குக் கடைசி பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், நான் 3.10 பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்குமுன் வீடு சேர்ந்தேன். முக்கியமாக, இப்படியான வீடுகளில் கதை கேட்கும்போது படத்தில் பார்த்தமாதிரி ஆவென்று கேட்காதீர்கள். அது அவர்கள் பட்டது.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. அடித்த கதையையும் சொன்னேன். ஞாயிறு பின்னேரம் தம்பியைக் கூப்பிட்டு, போயிட்டு வா என்று மட்டும் சொன்னா.

சித்திரைக் கடைசியில் அவனுடைய கப்பல் அந்தக் கடலுக்குள் போகமுதல் ஒரு அழைப்பு வந்தது. அம்மா போனை வாங்கி, வெங்காயம் நல்ல விலை போகுது, பசு கன்று போட்டிட்டுது, உன்ரை சைக்கிளை உன்ரை அக்காதான் ஓடித் திரியிறாள் என்று ஐந்து நிமிசம் கதைத்தா. சிரிக்கக்கூடச் செய்தா. வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ரை குரல் நடுங்கினதோ?" என்று கேட்டா.

இல்லையம்மா என்றேன். அதன் பிறகுதான் நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினா.