டிங்கர் மீது ஒரு புகார்

எங்கள் ஊர் கவுன்சில் அலுவலகக் கவுன்டரில் ஒரு மணி இருக்கிறது. மெர்வ் கில்டே அதை அடிப்பதில்லை. அடித்தாலும் அது ஒலித்ததா என்று அவருக்குத் தெரியாது. வலது உள்ளங்கையைக் கண்ணாடித் தடுப்பில் பதித்துக்கொண்டு, உள்ளே யாராவது நிமிரும்வரை அப்படியே நிற்பார். நிமிர்ந்தால் முதலில் தொப்பியை எடுப்பார், அப்புறம்தான் பேசுவார். வாரம்பா மாவு மில்லில் வாலிபத்தையும் காதுகளையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்த மனிதர். அவர் ரகசியமாகச் சொல்லும் சங்கதி தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்கும்.

"தம்பி, என் நாய் மேல புகார் குடுத்திருக்காங்களாம்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெர்வ் கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போல் பிடித்துக்காட்டினார். டிங்கர், கெல்ப்பி இனம், ஆண், பழுப்பு நிறம். அளவுக்கு மீறிக் குரைக்கிறது. அடக்கி வைக்கவும், தவறினால் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் நாய் கைப்பற்றப்படும்.

"வந்து பிடிச்சிட்டுப் போங்க, பாக்கலாம்," என்று சிரித்தார். "அவன் குளிர்காலத்துலயே செத்துட்டான். தண்ணித் தொட்டிக்குப் பின்னால நாந்தான் குழி வெட்டுனேன்."

எங்கள் கம்ப்யூட்டரைக் கேட்டால் டிங்கர் செத்த நாயே அல்ல. அந்த ஆண்டுக்கான பதிவுக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருந்தது, கழுத்துப்பட்டையில் மாட்டும் புது வில்லையும் அனுப்பியிருந்தது. ஏன் கட்டினீர்கள் என்று உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டேன். தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "கட்டலேன்னா, செத்துருச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல டிக் போடணும். கை வரல. கட்டித் தொலைச்சிட்டேன்." அந்த வருட வில்லை பச்சை. சமையலறை ஆணியில், பழைய கழுத்துப்பட்டையோடு தொங்குகிறதாம்.

நான் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறவன். கவுன்சில் வைத்திருக்கும் தாள்களைப் பார்க்க ஊரில் யாருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. கேட்டால் தேடியெடுத்துக் கொடுப்பது என் பாடு. வருவதெல்லாம் வேலித் தகராறும் சாக்கடை வரைபடமும்தான். இரண்டு வரி தட்டினால் புகாரை ரத்து செய்துவிடலாம், வீட்டுக்குப் போங்கள் என்றேன். மெர்வுக்கு அது பிடிக்கவில்லை.

"ரத்து பண்ண யாரு கேட்டா? எப்பப்ப குரைச்சான், எந்தப் பக்கம் நின்னு குரைச்சான், அதுதான் எனக்கு வேணும். மாசக் கடைசில என் பொண்ணு லினெட் வந்து என்னை ஜீலாங்குக்கு, அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போறா. வீட்டு வாசல்ல விக்கிறதுக்குப் பலகை நட்டாச்சு. இவன் இங்கதான் இருக்கானா இல்லையான்னு தெரியாம நான் எப்படிப் போறது? நான் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியுமா, நீயே சொல்லு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டில் கேட்டால் போயிற்று என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. அண்டை வீட்டார்மேல் குறை இருந்தால் கவுன்சிலுக்கு எழுதுவோம். எழுதிவிட்டு, வேலிக்கு மேலாக வெயிலைப் பற்றியும் கோதுமை விலையைப் பற்றியும் பேசுவோம். எழுதியது யாரென்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுதான் மரியாதை. மெர்வின் புகார்தாரர் டெனீஸ், பக்கத்து வீட்டு நர்ஸ், இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அன்று அதே வரிசையில் மூன்றாவதாக நின்று சுவரில் ஒட்டியிருந்த நீச்சல்குள நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மெர்வ் போகும்போது அவளுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். "காத்து ஜாஸ்தியா இருக்கு, இல்லம்மா?" என்றார். "ஆமா மெர்வ், துணி காயப்போட முடியல," என்றாள் அவள்.

அவர் போட்ட முதல் விண்ணப்பம் பழைய புகார்களைப் பற்றியது. டிங்கர் உயிரோடிருந்த காலம் முழுவதும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அப்படியொரு ஆவணம் கவுன்சிலிடம் இல்லை என்று முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தேன். மனிதர் பூரித்துப் போய்விட்டார். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "நல்ல பிள்ளைன்னு கவுன்சிலே எழுதிக் குடுத்திருக்கு, பாத்தியா? அவன் ஒருநாளும் குரைச்சதில்ல. செவிடன்கிட்ட குரைச்சு என்ன புண்ணியம்? வாசல்ல ஆள் வந்தா நேரா வந்து என் இடது கால்ல சாய்ஞ்சுக்குவான். அவ்வளவுதான்."

அவர் எங்கே நின்றாலும் இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நிற்பதை அப்புறம்தான் கவனித்தேன். கவுன்டரில் அந்த இடத்தில் மற்றவர்களும் நெருங்கி நிற்பதில்லை. ஏனென்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது விண்ணப்பம் டெனீஸ் எழுதிய நாட்குறிப்புக்கு. நாய் குரைக்கிறது என்று புகார் கொடுத்தால் கவுன்சில் அதோடு விடாது. ஒரு படிவத்தைக் கொடுத்து இரண்டு வாரம் எழுதச் சொல்லும். எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, என்ன காரணமாக இருக்கலாம். பாதிப் பேர் இரண்டாம் நாளே அலுத்துப்போய் நாயை மன்னித்துவிடுவார்கள். டெனீஸ் விடவில்லை. ஆஸ்பத்திரிக்காரி, ஒன்றும் விடாமல் எழுதியிருந்தாள். அவள் பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடிப்பதற்காக அதை மேசையில் விரித்தேன். வெளியே கண்ணைக் கூசும் பகல். கவுன்சில் புல்வெளியில் காலா கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. காரணம் என்ற பத்தியை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். பாதியிலேயே மைப்பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு போனார், தொடங்கியது. வண்டி திரும்பி வந்தது, நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் நடந்து தபாலாபீஸ் போனார், தொடங்கியது. திரும்பி வந்தார், நின்றது. பக்கம் பக்கமாக இதேதான். அவர் வீட்டிலிருந்த ஒரு பொழுதில்கூட ஒரு குரைப்பும் இல்லை.

சட்டம் எனக்கு முப்பது நாள் அவகாசம் தருகிறது. நான் அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நான் போனாத்தான் குரைக்கிறான்," என்றார். அன்றுதான் அவர் குரல் தணிந்து நான் கேட்டது. "எனக்குக் காது கேட்டிருந்தாலும் இது கேட்டிருக்காது, இல்லையா தம்பி?"

மாலைக் காற்றில் தொட்டியின் மூடி கடகடக்கிறது என்று ஏதோ உளறினேன். மனதுக்குள் டெனீஸைத்தான் சந்தேகப்பட்டேன். தூக்கமில்லாத பெண், வேறு தெருவில் குரைப்பதை இங்கே என்று எழுதியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் மண்ணைப் போட்டவன் ஷேன்.

ஷேன் எங்கள் நாய்பிடிக்கும் அதிகாரி. ஆறரை அடி உயரம், எந்த ஊர்க் கடிநாயையும் காதைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போடுகிறவன். புகார் வந்தால் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. நாயே இல்லாத வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்றே என்று கேலி பேசிக்கொண்டே போனான். திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்து, பேக்கரியில் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி வந்திருக்க?"

"மெர்வ் டீ போட்டாருப்பா. பால் இல்ல. இரு, வாங்கிட்டு வந்துடறேன்னு கிளம்பிப் போனாரு. வாசக் கதவு சாத்துற சத்தம்தான் கேட்டுது. உடனே பின்னால ஆரம்பிச்சுது."

"தெருநாயா இருக்கும்."

"எனக்கு நாய்ச் சத்தம் தெரியாதா? போய்ப் பாத்தேன். தொட்டிகிட்ட ஒண்ணும் இல்ல. புல்லுதான் இருக்கு. நான் புல்லைப் பாத்துட்டு நிக்கிறேன், என் முழங்கால் உயரத்துல நின்னு குரைக்குது. கோவத்துல குரைக்கல. சின்னப் புள்ளைய வீட்ல தனியா விட்டுட்டுப் போனா அழுமே, அந்த மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவரு பால் வாங்கிட்டு வந்தாரு, நின்னுபோச்சு. உக்காந்து டீ குடிச்சேன். என்ன பண்ணச் சொல்ற?" அறிக்கையில், ஆய்வின்போது நாய் தென்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அது பொய்யில்லை.

அந்த வாரத்திலிருந்து மெர்வ் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். கிளப்பில் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் அவருடைய குழு ஆள் குறைந்து தவித்தது. காய்கறியும் ரொட்டியும் டெனீஸ் வாங்கிவந்து வாசலில் வைத்தாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவள் இப்போது நிம்மதியாகத் தூங்கினாள். தூங்கி எழுந்து, தன் ஜன்னலிலிருந்து அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். திரும்பப் பெற்றாயிற்று. அதனால் என்ன ஆகப் போகிறது?

எண்பதைத் தாண்டிய மனிதர் செத்துப்போன நாயைத் தவிக்கவிட மனமில்லாமல் தன்னையே வீட்டில் பூட்டிக்கொண்டிருக்கிறார். மகள் லினெட் பல் டாக்டர், எதையும் வேரோடு பிடுங்கிப் பழகியவள். போனில் என்னைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க எல்லாரும் சேர்ந்து அவருக்குக் காகிதம் காகிதமா குடுத்து இந்த நெனப்ப வளத்து விட்டிருக்கீங்க. அங்க நாயும் இல்ல, நரியும் இல்ல. அம்மா போனப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்." அவள் சொன்னதும் நியாயம்தான். விழுந்து கிடந்தால் பார்க்க ஆளில்லாத வீடு அது.

மெர்வ் எதிர்த்து நிற்கவில்லை. மகள் பேச்சுக்கு அவர் எப்போதும் கட்டுப்பட்டவர். கடைசியாக ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். வேறு ஊரில் இருந்துகொண்டு எங்கள் கவுன்சிலில் விண்ணப்பம் போடலாமா? தாராளமாகப் போடலாம் என்றேன். "அப்ப மாசம் ஒண்ணு போடறேன். புகார் வந்தா எனக்கு அனுப்பு. வரலேன்னா, இல்லைன்னு எழுதி அனுப்பு. இல்லைன்னு வந்தா, என்கூட வந்துட்டான்னு வெச்சுக்கறேன்."

அவர் புறப்படுகிற சனிக்கிழமை காலையில் ஷேன் சாமான்களை மெர்வின் பிக்அப் வண்டியின் தட்டில் ஏற்றிக் கயிறு போட்டான். டெனீஸ் வேலை முடிந்து சீருடையோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். நானும் இருந்தேன். சாமான்களுக்கு நடுவே ஒரு நாய் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. யார் சொல்லி ஷேன் விட்டான் என்று நான் கேட்கவில்லை. மெர்வ் பின்கதவைத் தாழ்த்தி, ஓரமாக ஒதுங்கி நின்றார். நெடுநேரம் நின்றார். லினெட் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு அவர் பின்கதவை ஏற்றி மூடி, எல்லோரோடும் கைகுலுக்கி, வண்டியில் ஏறினார். தானே ஓட்டுவேன் என்றார். லினெட் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. பத்து வீடு தாண்டியிருக்காது, பின்னாலிருந்து எழுந்தது சத்தம்.

நான் அதுவரை கேட்டதில்லை. ஷேன் சொன்னது சரி, அதில் கோபமே இல்லை. தொட்டியருகே தொடங்கி, வீட்டின் பக்கவாட்டில் ஓடி, எங்களைத் தாண்டி, வாசல் கேட்டுக்கு வந்து நின்று குரைத்தது. கேட்டின் கம்பி நடுங்கியது. அங்கே ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. டெனீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்திக் கூப்பிடலாமா என்றால், கேட்கிற காதா அது?

தெருமுனையில் வண்டி நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. லினெட் இருக்கையில் முழுக்கத் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயை இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தாள். மெர்வ் தெருவைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டி பின்பக்கமாகவே வந்தது, வாசல் வரைக்கும். அவர் இறங்கினார். குரைப்பு நின்றுபோயிருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல், ஷேன் போட்ட முடிச்சை அவிழ்த்து, தட்டிலிருந்து முதலில் தன் வாசல் நாற்காலியை இறக்கினார்.